சொல்லுக்குக் கல்லைத் தேடிய மருத்துவர்: அக்ரிகோலாவும் கனிமவியலின் பிறப்பும்

1525ஆம் ஆண்டில் வெனிஸ் நகரத்து ஆல்தோ அச்சகம், பண்டைய மருத்துவர் கேலனின் நூல்களை அவை எழுதப்பட்ட கிரேக்க மொழியிலேயே முதன்முறையாக ஐந்து தொகுதிகளாக அச்சேற்றியது. சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் திருத்திய அறிஞர்களுள் ஜெர்மனியின் சாக்சனியிலிருந்து மருத்துவம் கற்க வந்திருந்த ஓர் ஆசிரியரும் இருந்தார். பிறந்த ஊரில் அவர் பெயர் கியோர்க் பாவர். ஜெர்மானிய மொழியில் ‘பாவர்’ என்றால் உழவர். கற்றவர்கள் தம் பெயரை லத்தீனாக்கிக் கொள்வது அக்கால வழக்கமாதலால், அதே பொருள் தரும் அக்ரிகோலா என்ற பெயரை அவர் ஏற்றுக்கொண்டார். கனிமவியலின் தந்தை என்று இன்று பாடநூல்கள் கியோர்கியுஸ் அக்ரிகோலாவைக் குறிப்பிடுகின்றன. ஆனால் அவர் கல்லைத் தேடிப் புறப்பட்டவர் அல்லர். பழைய ஏடுகளில் இருந்த சில சொற்களுக்குப் பொருள் தேடிப் புறப்பட்டவர். ஓர் அறிவியல் துறை எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க விரும்புவோர் இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கேலனும் அவருக்கு முந்தைய டயஸ்கோரிடிஸும் பரிந்துரைத்த மருந்துகளில் மூலிகைகளுக்கு அடுத்த இடம் மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட சரக்குகளுக்கு உண்டு. கத்மியா, மிசி, சோரி, கல்கிடிஸ் என்று அவற்றின் பெயர்கள் ஏடுகளில் வரிசையாக வருகின்றன. புண்ணை ஆற்றும், கண்நோய்க்கு உகந்தது, குருதியைக் கட்டும் என்று அவற்றின் குணங்களும் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் எந்தப் பெயர் எந்தப் பொருளுக்கு உரியது என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலான இடைவெளியில் மறைந்துபோயிருந்தது. கேலனுக்கு அந்தக் குழப்பம் இருக்கவில்லை. அவர் தாமே சைப்ரஸ் தீவின் செப்புச் சுரங்கத்துக்குச் சென்று, சோரியும் கல்கிடிஸும் மிசியும் அடுக்கடுக்காகப் படிந்திருந்ததைக் கண்டு, வேண்டிய அளவு எடுத்து வந்தவர். அவர் நூலைப் படித்த பிற்காலத்தவருக்கோ சொல் மட்டுமே மிஞ்சியது. ஏட்டில் சொல் இருந்தும் கடையில் சரக்கைக் காட்டத் தெரியாவிட்டால் மருத்துவருக்கு என்ன பயன்?

அக்ரிகோலா 1494இல் சாக்சனியின் கிளாவ்ஹாவ் என்ற சிற்றூரில் துணி நெய்து சாயமிடும் குடும்பத்தில் பிறந்தார். லைப்ஸிக் பல்கலைக்கழகத்தில் செம்மொழிகளைக் கற்றார். த்ஸ்விக்காவ் நகரப் பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்தார். 1520இல் ஒரு லத்தீன் இலக்கணச் சிறுநூலும் எழுதினார். அவருடைய முதல் நூல் இலக்கணமாக அமைந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. சொற்களை வகைப்படுத்தப் பழகிய அந்தக் கை பின்னால் கற்களை வகைப்படுத்தியபோதும் அதே பழக்கம் தெரிகிறது. இத்தாலியிலிருந்து 1526இல் திரும்பிய அவர், மறு ஆண்டில், இன்றைய செக் நாட்டுப் பகுதியான பொகீமியாவின் மலைச்சரிவில் இருந்த யோவாகிம்ஸ்டால் என்ற ஊருக்கு நகர மருத்துவராகப் பணியேற்றுச் சென்றார்.

கேலனைப் படித்த ஒரு மருத்துவர் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. 1516இல்தான் அங்கு வெள்ளிச் சுரங்க நகரம் தோன்றியது. ஷ்லிக் பிரபுக்கள் அங்கே அச்சிட்ட கனமான வெள்ளி நாணயம் ஊரின் பெயரால் ‘யோவாகிம்ஸ்டாலர்’ என வழங்கி, பிறகு ‘டாலர்’ எனச் சுருங்கி, இன்று உலகமெங்கும் புழங்கும் டாலர் என்ற சொல்லுக்கு மூலமாயிற்று. 1530களில் அங்கு ஏறத்தாழ 18,000 பேர் வாழ்ந்தார்கள். அந்த மலைத்தொடரைச் சுற்றி ஐரோப்பாவின் மிகப் பெரிய சுரங்கப் பகுதிகளுள் ஒன்று இயங்கிக்கொண்டிருந்தது. நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மிஞ்சிய நேரத்தையெல்லாம் அக்ரிகோலா சுரங்க வாயிலிலும் உலைக்களத்திலும் செலவிட்டார். தாது வெட்டுவோர், நீர் இறைப்போர், உருக்குவோர், மாற்றுப் பார்ப்போர் என்று யாரையும் விடாமல் கேட்டார். கேலனின் சொற்களுக்கு உரிய பொருள்கள் இங்கே கிடைக்கும் என்பதே அவர் எதிர்பார்ப்பு. கிடைத்தவையோ எதிர்பார்த்தவற்றைவிட மிக அதிகம். ஏடுகளில் பெயர் இருந்து பொருள் தெரியாதவை சிலவாக இருக்க, கையில் பொருள் இருந்து ஏடுகளில் பெயரே இல்லாதவை பலவாக இருந்தன.

அந்தக் காலத்துக் கல்லறிவு எந்த நிலையில் இருந்தது என்பதையும் சற்றுப் பார்க்க வேண்டும். அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிக் கற்களைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதியிருந்தார். ரோமானியர் பிளினி தம் பெருநூலின் இறுதிப் பகுதிகளில் தாம் படித்தவை, கேட்டவை அனைத்தையும் கொட்டி வைத்திருந்தார். பாரசீக மருத்துவர் இப்னு சீனா கற்கள், உலோகங்கள், கந்தக வகைகள், உப்புகள் என்று நான்காகப் பகுத்தது தெளிவான ஓர் அடி. 13ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியத் துறவி ஆல்பெர்ட்டஸ் மாக்னஸ் சுரங்கங்களை நேரில் பார்த்தும் எழுதினார். இவற்றுக்கு வெளியே பெருவாரியாகப் புழங்கியவை மணிகளின் மகிமை பாடும் நூல்கள். எந்த மணியை அணிந்தால் நஞ்சு முறியும், எந்த மணி மதுமயக்கத்தைத் தடுக்கும் என்பதே அவற்றின் பேச்சு. கற்களைப் பெரும்பாலும் அகரவரிசையில் அடுக்கினார்கள். பெயரின் முதலெழுத்தைக் கொண்டு பொருளை அடுக்குவதே, பொருளைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் அறியாத நிலையின் அடையாளம்.

1530இல் பாசெல் நகரத்து ஃப்ரோபென் அச்சகம் வெளியிட்ட ‘பெர்மன்னுஸ்’ என்ற உரையாடல் நூல்தான் அக்ரிகோலாவின் தேடல் முதலில் கண்ட வடிவம். அதற்கு அக்காலத்தின் புகழ்பெற்ற அறிஞர் எராஸ்மஸ் எழுதிய பாராட்டுக் கடிதம் முன்னால் இணைக்கப்பட்டிருந்தது. அந்தப் பள்ளத்தாக்குகளையும் குன்றுகளையும் பொறிகளையும் படித்தது போலில்லாமல் நேரில் கண்டது போல் இருந்தது என்று அவர் எழுதினார். நூலில் மூவர் மலைப்பாதையில் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். நேவியுஸ் கிரேக்க, லத்தீன் நூல்களில் தோய்ந்த மருத்துவர். ஆங்கோன் அரபு மருத்துவ நூல்களை நன்கறிந்தவர். பெர்மன்னுஸ் சுரங்கத் தொழிலின் உள்ளும் புறமும் தெரிந்தவர். லோரென்ஸ் பெர்மன் என்ற உண்மையான மனிதரே அந்தப் பாத்திரத்துக்கு மூலம். மருத்துவர்கள் இருவரும் கற்றவர்கள், மூன்றாமவர் தொழில்காரர். நூலில் கேள்வி கேட்பவர்கள் யார், விடை சொல்பவர் யார் என்பதைக் கவனித்தால் அதன் புதுமை விளங்கும். மருத்துவர்கள் பழைய நூலில் உள்ள பெயரைச் சொல்கிறார்கள். பெர்மன்னுஸ் பாதையோரத்துக் குவியலிலிருந்து கல்லை எடுத்துக் காட்டுகிறார். பல இடங்களில் இரண்டும் பொருந்துவதில்லை. பொருந்தாத அந்த இடங்கள்தாம் நமக்கு முக்கியம்.

அவற்றுள் இரண்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மணிக்கற்களைப் போல ஒளிர்ந்தாலும் அவற்றின் கடினம் இல்லாத சில கற்களைப் பெர்மன்னுஸ் காட்டுகிறார். செம்மை, ஊதா, வெண்மை, மஞ்சள், பச்சை என்று பல நிறங்களில் அவை கிடைக்கின்றன. நகைக்கு உதவாத இக்கற்கள் எதற்கு என்று கேட்டால், உலையில் இடுவதற்கு என்கிறார் பெர்மன்னுஸ். வெயிலில் பனிக்கட்டி உருகுவது போல உலைத்தீயில் இவை உருகி ஓடும். தம்மோடு சேர்ந்த தாதுவையும் எளிதில் ஓடச் செய்யும். பாய்ந்து ஓடுவதைக் குறிக்கும் தம் மொழிச் சொல்லாலேயே சுரங்கத்தார் அவற்றை அழைத்தனர். கேலனிடமும் பிளினியிடமும் அவற்றுக்குப் பெயர் தேடி அலையாமல், தொழிலாளரின் சொல்லை அப்படியே பொருள்மாறாமல் லத்தீனில் ‘ஃபுளோரெஸ்’ என்று ஆக்கிக்கொண்டார் அக்ரிகோலா. இன்று நாம் ஃபுளோரைட் என்று சொல்லும் கனிமம் அதுவே. 1886இல் ஆன்றி முவாசான் தனிமைப்படுத்திய ஃபுளோரின் என்ற தனிமத்தின் பெயரும், பற்பசைக் குழாயில் நாம் படிக்கும் ஃபுளோரைடு என்ற சொல்லும் அந்த உலைக்களத்துப் பேச்சிலிருந்து இறங்கி வந்தவை.

இரண்டாவது, பிஸ்மத். சுரங்கத்தார் ‘விஸ்முட்’ என்று சொன்ன ஒரு சாம்பல் நிற உலோகம் ஈயத்தைப் போலவும் இருந்தது, வெள்ளீயத்தைப் போலவும் இருந்தது. அது கிடைத்த இடத்தின் அடியில் பெரும்பாலும் வெள்ளி அகப்பட்டதால் ‘வெள்ளியின் கூரை’ என்றும் அதை அழைத்தார்கள். ஏழு கோள்களுக்கு ஏழு உலோகங்கள் என்பது அன்றைய உறுதியான நம்பிக்கை. பொன்னுக்குக் கதிரவன், வெள்ளிக்குத் திங்கள், இரும்புக்குச் செவ்வாய் என்று கணக்கு முடிந்திருந்தது. எட்டாவது ஒன்றுக்கு அதில் இடமில்லை. அப்படியானால் வழக்கமான ஏழுக்கு மேலும் உலோகங்கள் உண்டு என்கிறீரா என்று உரையாடலில் நேவியுஸ் வியந்து கேட்க, பெர்மன்னுஸ் ஆம் என்கிறார். வானத்துக் கணக்கைச் சுரங்கத்துக் கல் ஒன்று கலைத்துவிடுகிறது. இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு சிறு சுவை உண்டு. லத்தீனில் ஈயத்துக்குக் ‘கரிய ஈயம்’ என்றும், வெள்ளீயத்துக்கு ‘வெண்மையான ஈயம்’ என்றும் பெயர். நம் மொழியின் காரீயம், வெள்ளீயம் என்ற இணைக்கு அது அச்சு அசலாகப் பொருந்துகிறது. அக்ரிகோலா அந்த வரிசையில் மூன்றாவதாகச் ‘சாம்பல் ஈயம்’ என்று பிஸ்மத்தைச் சேர்த்தார்.

இதற்கு நேர்மாறாக, கிரேக்கச் சொல்லைக் கைவிட மனமில்லாத இடங்களில் அவரும் தடுமாறினார். கத்மியா அதற்குச் சரியான சான்று. பண்டையோர் அச்சொல்லால் துத்தநாகத் தாதுவையும் குறித்தனர். உருக்கு உலைகளின் சுவரில் புகை படிந்து இறுகும் பூச்சையும் குறித்தனர். சாக்சனியின் சுரங்கங்களில் ‘கோபெல்ட்’ என்று பெயர்பெற்ற ஒரு தாது கிடைத்தது. உருக்கினால் நச்சுப்புகை வரும். ஈரத்தோடு பட்டால் தொழிலாளரின் கைகளையும் கால்களையும் அரித்துவிடும். சுரங்கத்தில் குறும்பு செய்வதாக நம்பப்பட்ட குட்டிப் பேயின் பெயரையே தொழிலாளர் அதற்கு இட்டிருந்தனர். அது கோபால்ட்டும் ஆர்செனிக்கும் சேர்ந்த தாது என்று இன்று நமக்குத் தெரியும். அக்ரிகோலா அதன் கொடுமையைத் துல்லியமாக விவரித்துவிட்டு, அதையும் கத்மியாவின் ஒரு வகை என்று அதே பெயரின் கீழ் கொண்டுவந்து சேர்த்தார். இதனால் ஒரே சொல் மூன்று வெவ்வேறு பொருள்களைச் சுமந்து நின்றது. கோபால்ட் தனி உலோகம் என்று சுவீடனின் கியோர்க் பிராண்ட் காட்டுவதற்கு மேலும் இரு நூற்றாண்டுகள் ஆயின. ஒரே மனிதர், ஒரே கூர்மையான கண். சுரங்கத்தார் சொல்லை நம்பிய இடத்தில் புதிய பொருளைக் கண்டார், ஏட்டுச் சொல்லை நம்பிய இடத்தில் கண்டதையும் பழைய பொருளோடு கலந்துவிட்டார். அக்ரிகோலாவின் பங்களிப்பை எடைபோட இதைவிட நல்ல தராசு எனக்குத் தெரியவில்லை.

ஏட்டுச் சொல் தவறாக வந்து நிலைத்துவிட்ட வேடிக்கையும் ஒன்று உண்டு. எத்தியோப்பியாவில் கிடைத்த, இரும்பின் நிறமும் கடினமும் கொண்ட ஒரு கல்லைப் பற்றிப் பிளினி எழுதியிருந்தார். அவர் எழுதிய சொல் உரைகல்லைக் குறிக்கும் ‘பசானோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த ‘பசனித்தெஸ்’ ஆக இருக்க வேண்டும். ஏடு பெயர்த்து எழுதியவர்கள் கைபிசகி அது ‘பசால்தெஸ்’ ஆயிற்று என்பது அறிஞர்களிடையே பெரிதும் ஏற்கப்பட்ட கருத்து. அக்ரிகோலா தம் கையில் இருந்த பாடத்தை நம்பி, சாக்சனியில் ஷ்டோல்பென் கோட்டை நிற்கும் கரும்பாறைத் தூண்களுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். பசால்ட் என்று உலகமெங்கும் பாறையியல் நூல்கள் சொல்வது, ஓர் எழுத்தரின் கைப்பிழை பாறையாக உறைந்த கதை.

1531இல் அவர் கெம்னிட்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கும் நகர மருத்துவர் பணிதான். சுரங்கப் பங்கு ஒன்றில் இட்ட பணம் நல்ல வருவாய் தந்ததால், எழுத்துக்கு ஓய்வு கிடைத்தது. 1546இல் ஃப்ரோபென் அச்சகம் அவருடைய நூல்களை ஒரே பெருந்தொகுதியாக வெளியிட்டது. நிலத்தடிப் பொருள்களின் தோற்றமும் காரணமும், நிலத்திலிருந்து ஊறி வருவனவற்றின் இயல்பு, தோண்டியெடுக்கப்படுவனவற்றின் இயல்பு, பழைய புதிய உலோகங்களின் வரலாறு ஆகியவற்றோடு, லத்தீன் சொற்களுக்கு ஜெர்மானியச் சுரங்க வழக்கில் பொருள் கூறும் ஓர் அகராதியும் அதில் இருந்தது. அந்த அகராதியைப் பின்னிணைப்பு என்று கடந்துபோகிறவர்கள் உண்டு. எனக்கு அதுவே தொகுதியின் நங்கூரமாகத் தோன்றுகிறது. அதே ஆண்டில் அவர் நகரத் தலைவராகவும் அமர்த்தப்பட்டார். பிறகும் மும்முறை அந்தப் பொறுப்பு அவரைத் தேடி வந்தது.

பத்துப் பகுதிகள் கொண்ட ‘தே நாத்தூரா ஃபொஸ்ஸிலியும்’, அதாவது தோண்டியெடுக்கப்படுவனவற்றின் இயல்பு என்ற நூல்தான் கனிமவியலின் முதல் பாடநூல் என்று மதிக்கப்படுவது. ‘ஃபொஸ்ஸிலியா’ என்ற சொல் அன்று தொல்லுயிர் எச்சங்களை மட்டும் குறிக்கவில்லை. தோண்டுதல் என்ற வினையடியாகப் பிறந்து, மண்ணிலிருந்து எடுக்கும் அனைத்தையும் அது குறித்தது. நம்முடைய கனிமம் என்ற சொல்லும் சுரங்கத்தைக் குறிக்கும் கனி என்ற சொல்லடியாக வந்ததே. அகரவரிசையையும் மணிகளின் மகிமையையும் அவர் இங்கு ஒதுக்கி வைத்தார். அவற்றுக்குப் பதிலாக, எந்தக் கல்லையும் கையில் எடுத்த எவரும் சோதித்துப் பார்க்கக்கூடிய புலனறி பண்புகளை முதற்பகுதியிலேயே வகுத்தார். நிறம் என்ன, ஒளி ஊடுருவுமா, மினுமினுப்பு உண்டா, நாவில் என்ன சுவை, தேய்த்தால் என்ன மணம், தொட்டால் வழவழப்பா சொரசொரப்பா, கனமா இலேசா, கடினமா மென்மையா, வடிவம் எப்படி, நீரில் கரையுமா, நெருப்பில் என்ன ஆகும் என்பவையே அந்தச் சோதனைகள். ஒரு மருத்துவர் நோயாளியின் நாடியையும் நாவையும் கண்ணையும் பார்த்து நோய் கணிப்பதைப் போலத்தான் இது இருக்கிறது.

இந்தப் பண்புகளை வைத்துத் தனிப்பொருள்களை நான்கு கூட்டங்களாக அவர் பிரித்தார். நீர் சேர்த்தால் குழைந்து சேறாகும் மண் வகைகள் ஒரு கூட்டம். உப்பு, வெடியுப்பு, படிகாரம், அன்னபேதி போன்ற துத்த வகைகள், கந்தகம், நிலக்கீல் ஆகியவற்றை ‘உறைந்த சாறுகள்’ என்று பெயரிட்டு அடுத்த கூட்டமாக்கினார். மூன்றாவது கூட்டம் கற்கள். மணிகளும் பளிங்கும் அதனுள் அடங்கும். நான்காவது உலோகங்கள். இவற்றுக்கு அப்பால் பல பொருள்கள் கூடி நிற்பவற்றையும் அவர் இரண்டாகப் பகுத்துப் பார்த்தார். கண்ணுக்கு ஒரே பொருளாய்த் தோன்றி உலைத்தீயின்றிப் பிரியாத தாதுக்கள் ஒரு வகை; வெண்கல்லில் பொன் ஒட்டிக் கிடப்பதைப் போலக் கண்ணால் கண்டு கையால் பிரித்துவிடக்கூடிய கூட்டுகள் மற்றொரு வகை. கனிமத்துக்கும் பாறைக்கும் இடையில் இன்றைய மாணவர் முதலில் கற்கும் வேறுபாட்டின் விதை இங்கே இருக்கிறது என்று சொல்வது மிகையாகாது. ஆயினும் கந்தகத்தையும் உப்பையும் நிலக்கீலையும் ஒரே கூட்டத்தில் வைத்தது வேதியியல் அறிந்தவருக்குச் சிரிப்பை வரவழைக்கும். அதற்கான வேதியியல் அன்று பிறக்கவில்லை. இருந்த கருவிகள் கண், நாக்கு, மூக்கு, கை, உலை ஆகியவை மட்டுமே.

கனிமங்கள் எப்படித் தோன்றுகின்றன என்ற கேள்விக்கு அவர் தந்த விடையில் பிழையும் உண்மையும் பின்னிக் கிடக்கின்றன. கந்தகமும் பாதரசமும் கூடியே எல்லா உலோகங்களும் உருவாகின்றன என்ற ரசவாதிகளின் கொள்கையை அவர் மறுத்தார். கோள்களின் தாக்கம் என்பதையும் ஏற்கவில்லை. பாறை முன்பே இருக்க, அதில் பின்னர் ஏற்பட்ட பிளவுகளின் வழியே ஓடிய நிலத்தடி நீர் தன்னுள் கரைந்திருந்தவற்றை அங்கே படியவிட்டதால்தான் தாது நரம்புகள் உண்டாயின என்றார். இன்றைய புவியியலாளர் பல தாதுப் படிவுகளைப் பற்றிச் சொல்வது பெருமளவுக்கு இதுதான். மலைகளைச் செதுக்குவதில் ஓடும் நீருக்கு இருக்கும் பங்கையும் அவர் தெளிவாக எழுதினார். ஆனால் அந்தச் சாறுகள் எவற்றால் ஆனவை என்று விளக்க முற்படும்போது மண், நீர், வெப்பம், குளிர் என்று அரிஸ்டாட்டிலின் பழைய அறைக்குள்ளேயே திரும்பிவிடுகிறார்.

அவரை எல்லா மூடநம்பிக்கைகளையும் தகர்த்த வீரராகக் காட்டும் எழுத்துகள் அவரையே சரியாகப் படிக்காதவை. நிலத்தில் தாது இருக்கும் இடத்தைக் கவைக்குச்சி காட்டித்தரும் என்ற நம்பிக்கையை அவர் விரிவாக எடுத்துரைத்து, அறிவும் பொறுப்பும் உள்ள சுரங்கக்காரருக்கு அது தேவையில்லை, நிலத்தின் இயற்கைக் குறிகளே போதும் என்று முடிக்கிறார். அதே மனிதர் 1549இல் நிலத்தடி உயிரினங்களைப் பற்றி எழுதிய சிறுநூலில், சுரங்கங்களில் உலவும் குட்டிப் பேய்களையும் உயிரினங்களோடு உயிரினமாகச் சேர்த்திருக்கிறார். தொழிலாளரின் சொல்லை நம்பும் பழக்கத்துக்கு இப்படியும் ஒரு விலை இருந்தது.

அவர் பெயரை நிலைநாட்டிய ‘தே ரே மெத்தாலிக்கா’, அதாவது உலோகங்களைப் பற்றி என்ற நூல், கனிமவியல் நூல் என்பதைவிடச் சுரங்கத்தொழில் நூல் என்பதே பொருத்தம். நிலத்தில் நரம்பைக் கண்டறிவது முதல் உப்பும் கண்ணாடியும் செய்வது வரை 12 பகுதிகள். 292 மரச்செதுக்குப் படங்கள். ஓவியர்களை அமர்த்திப் படம் வரைவித்ததற்கு அவர் முன்னுரையில் கூறும் காரணம் நம் பொருளுக்கு நேரே வந்து சேர்கிறது: சொல்லால் மட்டும் விவரித்தால் தம் காலத்தவருக்கும் புரியாமல் போகலாம், பின்வருவோருக்கும் இடர்தரும், பண்டையோர் விட்டுச்சென்ற பெயர்களால் நாம் படும் பாடே அதற்குச் சான்று என்கிறார். ஆளுக்கொரு பெயர் வைத்துப் பொருளை மறைத்து எழுதும் ரசவாதிகளை அவர் சாடுவதும் அதே முன்னுரையில்தான். தாம் நேரில் காணாததையும், நம்பத்தக்கவர்களிடமிருந்து படித்தோ கேட்டோ அறியாததையும் விட்டுவிட்டதாக அங்கேயே உறுதி கூறுகிறார்.

அந்த உறுதியின் பலனை ஏழாம் பகுதியில் பார்க்கலாம். அங்கு உரைகல்லில் மாற்றுக் காண்பதற்கு 24 உரையாணிகளின் கணக்கு வருகிறது. முதல் ஆணியில் ஒரு பங்கு பொன்னும் 23 பங்கு வெள்ளியும் இருக்கும். ஆணிக்கு ஆணி ஒரு பங்கு பொன் ஏறி, கடைசி ஆணி முழுப் பொன்னாக நிற்கும். சோதிக்க வேண்டிய பொன்னைக் கல்லில் இழைத்து, அதன் பக்கத்தில் ஆணியை இழைத்து, கீற்றோடு கீற்றை ஒப்பிட வேண்டும். நம் ஊர்ப் பொற்கொல்லர் பட்டறையில் உரைகல்லைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உலைக்களத்து அறிவு அளவும் படியுமாக எழுத்தில் ஏறும்போது எப்படி இருக்கும் என்பதற்கு அந்தப் பக்கங்கள் நல்ல எடுத்துக்காட்டு. ஆறாம் பகுதியில் நீர் இறைக்கும் பொறிகளை வரிசையாக விவரித்து முடித்தபின், மருத்துவரின் குரல் மேலெழுகிறது. சுரங்கத் தூசு நுரையீரலை அரித்து உடலை உருக்குவதாகவும், கார்ப்பாத்திய மலைச் சுரங்கங்களில் இந்நோய்க்குக் கணவர்களைப் பறிகொடுத்து ஏழுமுறை மணந்த பெண்கள் இருப்பதாகவும் எழுதிவிட்டு, தூசைத் தடுக்க முகத்தில் தளர்வான துணியைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறார்.

நூலை 1550இல் முடித்துவிட்டாலும் படங்கள் செதுக்கப்படுவதற்கும் அச்சாவதற்கும் ஆண்டுகள் ஓடின. 1555 நவம்பர் 21 அன்று நான்கு நாள் காய்ச்சலில் அக்ரிகோலா இறந்தார்; நூல் 1556இல்தான் வெளிவந்தது. கெம்னிட்ஸ் அதற்குள் புரட்டஸ்தாந்து நகராகிவிட்டிருந்தது. கத்தோலிக்கராகவே இருந்துவிட்ட தன் முன்னாள் தலைவருக்கு அந்நகரம் கல்லறைக்கு இடம் தர மறுத்தது. உடலை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருந்த த்சைட்ஸ் பேராலயத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

தந்தை என்ற பட்டத்தை அவருக்குத் தந்தவர், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிரைபெர்க் சுரங்கக் கல்விக்கழகத்தில் பாடம் சொன்ன ஆப்ரகாம் கோட்லோப் வெர்னர். அவர் 1774இல் வெளியிட்ட முதல் முக்கிய நூலே கனிமங்களைப் புறப்பண்புகளால் அடையாளம் காணும் முறையைப் பற்றியது. அக்ரிகோலா வகுத்த வினாப் பட்டியலை நேராகத் தொடர்ந்து கூர்மைப்படுத்தியது அது. வெர்னரிடம் பயின்ற ஃபிரெடரிக் மோஸ் 1812இல் கடினத்தன்மைக்குப் பத்துப் படிகள் அமைத்தார். இன்றும் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பெயர் தெரியாத கல்லை எடுக்கும் மாணவர் நிறம், மினுமினுப்பு, கீற்று, கடினம் என்று அதே வரிசையில்தான் தொடங்குகிறார். வெர்னர் அளித்த பட்டத்தை அப்படியே ஏற்பதில் எனக்கு ஒரு சிறு தயக்கம் உண்டு. உலூரிக் ரூலைன் 1500ஐ ஒட்டி ஜெர்மன் மொழியில் எழுதிய சுரங்கச் சிறுநூலும், இத்தாலியர் பிரிங்குச்சியோவின் 1540ஆம் ஆண்டு உலோகத்தொழில் நூலும் அக்ரிகோலாவின் பெருநூல்களுக்கு முன்பே வந்துவிட்டன. பெயரறியப்படாத எத்தனையோ உருக்குவோரின் வாய்மொழி அவர் பக்கங்களில் கலந்திருக்கிறது. அவர் செய்தது, அந்த வாய்மொழியை ஐரோப்பியக் கல்வியுலகம் காதுகொடுத்துக் கேட்கும் மொழியில் வைத்தது.

ஆனால் அந்த மொழியே பின்னால் இடராயிற்று. சுரங்கத்தாரின் ஜெர்மானியச் சொற்களுக்கு லத்தீனில் ஈடு இல்லாததால் அவர் புதுச்சொற்களை நூற்றுக்கணக்கில் படைத்திருந்தார். பழைய சொற்களுக்கும் புதுப்பொருள் ஏற்றியிருந்தார். நூற்றாண்டுகள் செல்ல, கேலனின் கத்மியாவைப் போலவே அக்ரிகோலாவின் சொற்களும் இருளில் மூழ்கின. சுரங்கப் பொறியாளரும் பிற்காலத்து அமெரிக்கக் குடியரசுத் தலைவருமான ஹெர்பர்ட் ஹூவரும், புவியியல் பயின்று லத்தீனும் அறிந்திருந்த அவருடைய மனைவி லூ ஹென்றி ஹூவரும் ‘தே ரே மெத்தாலிக்கா’வை ஆங்கிலத்தில் பெயர்க்க ஐந்து ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. லத்தீன் அகராதிகள் கைகொடுக்காத இடங்களில், உலையில் இதை இட்டால் இப்படி நிறம் மாறும், இன்ன கசடு மிஞ்சும் என்று அக்ரிகோலா எழுதியிருந்த செய்முறையைப் பிடித்துக்கொண்டு, அப்படி நடக்க வேண்டுமானால் அது எந்தப் பொருளாக இருக்க வேண்டும் என்று அவர்கள் பின்னோக்கிக் கணித்தார்கள். 1912இல் லண்டனில் அந்த மொழிபெயர்ப்பு வெளிவந்தபோது, பல பக்கங்களில் மூலத்தின் வரிகளைவிட அடிக்குறிப்புகளே கூடுதல் இடத்தைப் பிடித்திருந்தன.